மூன்று வளையமும் ஒரு கோடும்

வணக்கம் ஐயா,
யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் சித்திரம் படிப்பிக்கிறேன். பொங்கலுக்கு முந்தின கிழமை பிள்ளைகளுக்குப் புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைந்து போகிற சிக்குக்கோலம் பழக்கினேன். முறியாத கோடு பிறவிச் சுழற்சியைக் குறிக்கும் என்றேன். "அது கோலத்திலேயே இருக்கிறதோ, நாங்கள் பிறகு சொல்லுறதோ?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். விடை தெரியவில்லை. இன்னொன்று: புள்ளிப்படி கோடு இழுப்பதில் பிள்ளையின் கற்பனைக்கு இடம் எங்கே?
— ஒரு வாசகி

அன்பின் ரீச்சருக்கு,

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். வடிவம் தானாக எதையும் சொல்வதில்லை என்றே நினைக்கிறேன். நிமிர்ந்த முக்கோணத்தின் மேல் கவிழ்ந்த முக்கோணம் வந்தால் நமக்கு முருகனின் அறுகோணம். சிவமும் சக்தியும் சேர்ந்தது என்போம். இஸ்ரேல் கொடியில் அதுவே தாவீதின் நட்சத்திரம்.

அதற்காகப் பொருள் எல்லாம் வெறும் ஒட்டு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. பொங்கலன்று முற்றத்தில் உலக்கையைக் கிடத்தி, இரு பக்கமும் மாவைத் தூவித் தூக்கினால் இரட்டைக்கோடு. நாலு பக்கமும் அப்படிப் போட்டு நடுவில் அடுப்பு வைக்கிறோம். நெல்லுக் குத்துகிற உலக்கையே கோடு போடுகிறது. அந்தச் சதுரம் எதைக் குறிக்கிறது என்று நம்மில் யாருக்கும் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

இனிக் கற்பனைக்கு வருவோம். மூன்றுக்கு மூன்று நேர்ப்புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லாம் கோடுகள் வெட்ட வேண்டும், ஓரத்தில் வளைந்து திரும்ப வேண்டும். இவ்வளவுதான் விதி. ஒரே கோடு வராது. மூலைக்கு மூலை நீண்ட இரண்டு வளையம், சாய்ந்து நிற்கும் சதுரமாக ஒன்று, ஆக மூன்று வரும். மூன்றுக்கு நாலு வைத்தால் ஒரே கோடு. நாலுக்கு ஆறு என்றால் இரண்டு. கணக்கு ரீச்சர் சொல்லுவா: அந்த இரண்டு எண்ணின் பொதுக் காரணிகளுட் பெரியது (பொ.கா.பெ.) எதுவோ, அத்தனை வளையம். ஆகவே முறியாத கோடு எல்லாக் கோலத்துக்கும் வாய்க்காது. பிள்ளையின் சந்தேகம் சரி.

அப்புறம், அந்த மூன்றையும் ஒன்றாக்கச் சொல்லுங்கள். இரு வளையம் வெட்டுகிற ஓரிடத்தில், வெட்டவிடாமல் கோடுகளை வளைத்து விலக்கினால் இரண்டும் இணைந்துவிடும். இரண்டு இடத்தில் செய்தால் போதும். எந்த இரண்டு? அடிவரிசைப் புள்ளிகளின் இடையே உள்ள இரண்டையும் மாற்றினால் எல்லாம் ஒன்றாகும், இடமும் வலமும் ஒத்திருக்கும். ஆனால் தலைகீழாகத் திருப்பினால் ஒத்துவராது. தலைகீழாகவும் ஒத்துவர வேண்டுமென்று நடுப்புள்ளிக்கு இரு புறமும் நேரெதிரான இரண்டை மாற்றினால், ஒரு வளையம் தனித்து நின்றுவிடும். எதை விட்டுக்கொடுப்பது என்று பிள்ளை குந்தியிருந்து யோசிப்பாளே, அங்கேதான் நீங்கள் கேட்ட கற்பனை இருக்கிறது. விதி இல்லாவிட்டால் அந்த யோசனைக்கே வேலையில்லை.

இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று யாரும் சொன்னால் விடாதீர்கள். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1974இல் கோலத்தின் விதிகளைக் கணினியியலின் இலக்கணமாக எழுதி ஆய்வாக வெளியிட்டார்கள்.

பிறவிச் சுழற்சியை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள், ரீச்சர். மூன்றை ஒன்றாக்கிய பிறகு, அந்தக் கோடு என்ன மாதிரி இருக்கிறது என்று அவர்களையே கேளுங்கள். பிறகு நாலுக்கு நாலு கொடுங்கள். குறைந்தது மூன்று இடம் மாற்ற வேண்டிவரும். எந்த மூன்றைப் பிடித்தாள் என்று அந்தப் பிள்ளையையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.