அடைப்புக்குறிக்குள் ஒளிந்திருக்கும் அப்புச்சி

கேள்வி: எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, போன தை மாதம் 89-ஆவது வயதில் காலமானார். 16 வயதில் லாரி கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, 1974-ல் சொந்தமாக ஒரு லாரி வாங்கியவர். சேலத்து ஜவ்வரிசியை நாக்பூருக்கும் அதற்கு மேலேயும் ஏற்றிப் போவார். வருடத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். 65 வயதில் லாரியை விற்றுவிட்டுத் தோட்டத்தோடு இருந்துகொண்டார். மூன்று பெண்கள், ஒரு பையன். நால்வரையும் படிக்கவைத்தார். முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஒரு சிறு புத்தகம் போடலாம் என்று மாமா சொல்லி, எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார். மூன்று மாதமாக உட்காருகிறேன். 'பாசமானவர், உழைப்பாளி, பயணப் பிரியர்' என்பதைத் தாண்டி ஒரு வரி வரவில்லை. கிளீனர் சங்கதியெல்லாம் வேண்டாம், 'லாரி அதிபர்' என்று போட்டால் போதும் என்கிறார் மாமா. (காசி வரை எத்தனையோ முறை லோடு கொண்டுபோயும் அப்புச்சி கங்கையில் முழுகியதே இல்லையாம். லாரியை விற்ற பிறகு அம்மாயியை, அதாவது எங்கள் பாட்டியை, ரயிலில் அழைத்துக்கொண்டு போனபோதுதான் முழுகினாராம். இதெல்லாம் புத்தகத்துக்கு ஆகாது, சும்மா சொன்னேன்.) எப்படித் தொடங்குவது?

ஒரு பேத்தி, திருச்செங்கோடு வட்டம்

பதில்: சும்மாவா சொன்னீர்கள், அம்மணி? உங்கள் கடிதத்தில் உயிருள்ள இரண்டு வாக்கியங்கள் அவைதான். அவற்றைப் போய் அடைப்புக்குறிக்குள் அடைத்து வைத்திருக்கிறீர்கள். முதலில் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள்.

அவர் ஓட்டிய சாலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாமக்கல் வழியாகப் போகும் பெருஞ்சாலைக்கு இன்று எண் 44. அவர் காலத்தில் அது 7. வாரணாசியில் தொடங்கி, ஜபல்பூர், நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர், சேலம், நாமக்கல், கரூர், மதுரை என்று இறங்கி, கன்னியாகுமரியில் போய் முடிந்தது. 2,369 கிலோமீட்டர். அந்நாளில் நாட்டிலேயே நீளமான தேசிய நெடுஞ்சாலை அதுதான். நம் பக்கத்தில் காசிக்குப் போவது என்றால் ஆயுசுக்கு ஒரு முறை, ஊரையே கூட்டிச் சொல்லிவிட்டுப் போவது. உங்கள் அப்புச்சிக்கோ காசி என்பது, வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஏறிவிடுகிற ஒரு சாலையின் மறுமுனை.

அங்கே போய் லோடு இறக்கிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? அரை மணி நேரம். அந்த அரை மணியை அவர் பல வருடங்களாகச் செலவழிக்காமல் வைத்திருந்திருக்கிறார். ஏன் என்று நான் ஒன்றை ஊகிக்கிறேன், நீங்களும் ஊகித்திருப்பீர்கள். ஊகத்தை அச்சடிக்க முடியாது. பதில் தெரிந்தவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த மூன்று சொற்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஈரோட்டிலிருந்து திருச்செங்கோட்டுக்குப் பஸ்ஸில் வாருங்கள். வழியெல்லாம் நிற்கும் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ்களில் இதே சொற்கள்தான் இருக்கும். படத்தை மாற்றினால் போதும், ஆள் மாறிவிடும். 'பயணப் பிரியர்' என்பதில் எனக்குச் சண்டையே இருக்கிறது. பாரம் ஏற்றிய வண்டியோடு ராத்திரியில் மலைப்பாதை இறங்குகிறவர் ஊர் பார்க்கப் போனவரா? அது வேலை. அம்மாயியோடு ரயிலில் ஏறினாரே, அது பயணம். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு மூடாதீர்கள்.

இதை இவ்வளவு அடித்துச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. என் தகப்பனார் ஈரோட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதியவர். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் போய் உட்காருவேன். அந்தத் தெருவில் தொலைபேசி இருந்தது ஆபீசில் மட்டுமே. டிரைவர்களின் வீட்டுப் பெண்கள் சந்தைக்கு வந்ததுபோல வருவார்கள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு பை. உள்ளே வரமாட்டார்கள், வாயைத் திறந்து கேட்கவும் மாட்டார்கள். வாசற்படி ஓரம் நின்று எதிர்ச்சுவரில் இருக்கும் காலண்டரைப் படிப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்பா பேரேட்டிலிருந்து தலையை எடுக்காமலே, "வண்டி நாக்பூர் தாண்டிவிட்டது, அம்மணி" என்பார். அந்தப் பெண் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு போய்விடுவார்.

1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, சில நாட்களுக்கு வடக்கே போன வண்டிகள் எங்கே நிற்கின்றன என்று ஆபீசுக்கே தெரியவில்லை. அந்த வாரம் வாசற்படியில் நின்ற பெண்கள் காலண்டரைப் பார்க்கவில்லை, அப்பாவின் வாயைப் பார்த்தார்கள். அன்றைக்கு உங்கள் அப்புச்சி எங்கே இருந்தார்? அம்மாயி எத்தனை நாள் கழித்துத் தகவல் அறிந்தார்? கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இன்னொன்று. வீட்டுப் பரணில், தகரப் பெட்டியில், வழிச்செலவு நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். லாரிக்காரர்கள் எதைத் தொலைத்தாலும் அதைத் தொலைக்கமாட்டார்கள். டீசல், பஞ்சர், தார்ப்பாய்க் கயிறு, சோதனைச் சாவடி, கிளீனர் படி என்று வரிசையாக இருக்கும். ஒரு டிரைவர் கொண்டுவந்த நோட்டில் பஞ்சருக்கும் டீசலுக்கும் நடுவே 'வளையல் 3 டஜன், ஹைதராபாத்' என்று இருந்ததாம். சார்மினார் பக்கத்து லாட் பஜார் வளையலாக இருக்கும். முதலாளி கணக்கில் சொந்தச் செலவை எழுதலாமா என்று அப்பா கேட்டதற்கு, அவர் தலையைச் சொறிந்துகொண்டு, கையை விட்டுப் போன காசையெல்லாம் எழுதிப் பழகிவிட்டது என்றாராம். அப்பா அதை அடிக்காமல், ஓரத்தில் 'படியில் கழிக்க' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். உங்கள் அப்புச்சிக்கு மூன்று பெண்கள். நோட்டு கிடைத்தால் என்ன தேட வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி மாமா. அவர்மேல் கோபப்படாதீர்கள். சம்பந்தி வீட்டுக்காரர்கள் புத்தகத்தைப் புரட்டுவார்கள் என்ற கூச்சம் அவருக்கு. ஆனால் 'லாரி அதிபர்' என்று மட்டும் போட்டால், அப்புச்சி 38 வயதில் திடீரென்று முளைத்தவர் ஆகிவிடுவார். 1952 வாக்கில் ஒரு பதினாறு வயதுப் பையன் என்ன செய்திருப்பான்? மேட்டில் வண்டி நின்றால் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போட்டிருப்பான். தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருப்பான். டயரைத் தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்தே காற்றுச் சொல்லியிருப்பான். விடியும்வரை டிரைவருக்குத் தூக்கம் வராமல் பேச்சுக் கொடுத்திருப்பான். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரத்தில் இன்று வண்டி வைத்திருக்கும் பல வீடுகளில் முதல் ஆள் உட்கார்ந்த இடம் கிளீனர் சீட்டுதான். சம்பந்தி வீட்டிலும் ஒருவர் இருந்திருப்பார், விசாரித்துப் பாருங்கள்.

மாமாவிடம் வாதாடுவதை விட ஒரு வேலை கொடுங்கள். நேஷனல் பர்மிட் வந்தது 1975-ல். அதற்கு முன்பெல்லாம் அடுத்த மாநிலத்துக்குள் வண்டி ஓட்ட அந்த மாநிலத்தின் ஒப்புதலும் பர்மிட்டில் வேண்டும். அப்புச்சி லாரி வாங்கியதோ 1974-ல். வாங்கிய வண்டியை அந்த முதல் வருடம் எங்கே ஓட்டினார், கடன் தவணையை எப்படிக் கட்டினார், யார் ஜாமீன் நின்றார் என்று கேளுங்கள். பையன்களுக்கு அப்பாவின் கடன் கதை நன்றாக ஞாபகம் இருக்கும். அதைச் சொல்லத் தொடங்கினால், கிளீனராக இருந்து மிச்சம் பிடித்த கதையும் மாமா வாயிலிருந்தே வந்துவிடும்.

நிறையப் பக்கம் கொடுக்க வேண்டியது அம்மாயிக்கு. வருடத்தில் பாதி நாள் அவர் வீட்டில் இல்லை என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அந்தப் பாதி நாளும் பால் கறந்தது யார்? காய்ச்சலில் கிடந்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது யார்? குச்சிக்கிழங்கு விலை பேசியது யார்? நம் காட்டு மரவள்ளிக் கிழங்குதான் ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகி, நாக்பூர்ப் பக்கம் விரத நாள் கிச்சடியாகிறது. உங்கள் தோட்டத்திலும் கிழங்கு போட்டிருந்தால், அம்மாயி களை எடுத்ததைத்தான் அப்புச்சி வண்டியேற்றிக்கொண்டு போயிருக்கிறார். நால்வரையும் 'படிக்கவைத்தார்' என்று ஒருமையில் எழுதியிருக்கிறீர்கள். திருச்செங்கோட்டில் இருந்துகொண்டு இப்படி எழுதலாமா? மலைமேல் நிற்கும் அர்த்தநாரீஸ்வரரே பாதி அம்மன்.

அம்மாயியிடம் "அப்புச்சி எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள். "நல்ல மனுஷன்" என்பார், அதோடு கதை முடிந்தது. நாற்காலி போட்டு எதிரே உட்காரவும் வேண்டாம். கடலைக்காய் உரிக்கும்போது நீங்களும் ஒரு முறத்தை இழுத்துப் போட்டு உட்காருங்கள். கைபேசியில் பதிவு செய்வதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஆனால் முகத்துக்கு நேரே நீட்டாமல் முறத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் தெரியுமா, ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் என்ன சமைப்பீர்கள், வந்ததும் முதலில் யாரைத் தூக்குவார் என்று கேளுங்கள். அவர்மேல் கோபம் வந்த நாட்களையும் கேளுங்கள். எழுத வேண்டாம் என்று அம்மாயி சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள். மாமா சொல்வதை அல்ல.

தள்ளிப்போடவும் வேண்டாம். என் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, கவலை ஓட்டியவர்; எருது பூட்டிக் கிணற்று நீர் இறைப்பதுதான் கவலை. கிணற்றிலிருந்து சால் ஏறி இறங்க, எருதுகளை முன்னும் பின்னும் நடத்திக்கொண்டே பாடுவார் என்று என் அப்பா சொல்லியிருக்கிறார். என்ன பாட்டு என்று நான் கேட்கவில்லை. அப்பாவும் போய்விட்டார். இன்று என் அப்பாருவைப் பற்றி யாராவது கேட்டால், நானும் 'உழைப்பாளி' என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

புத்தகம் இருபது பக்கம் போதும். அட்டைக்குப் பிளெக்ஸில் போட்ட படம் வேண்டாம், வண்டியின் முன் நின்று எடுத்தது ஏதாவது இருக்கும். தொடக்கத்துக்கு ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொண்டு வாருங்கள். காசியில் அந்தக் காலை நேரம், படிக்கட்டில் இரண்டு பேரும் நிற்கிறார்கள். தண்ணீரில் முதலில் கால் வைத்தது யார் என்று அம்மாயியைக் கேளுங்கள்.