காவிரித் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை என்றால் பாதுகாப்பானதுதானா?

தொண்டிப் பக்கம் ஊராட்சித் தொட்டியிலிருந்து காவிரித் தண்ணீர் வருகிறது, கரிப்பே இல்லை, அப்புறம் சோதனை எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடலோரத்தில் உப்பை வைத்தே தண்ணீரை எடைபோட்டுப் பழகிவிட்டோம். ஆனால் கிருமிக்கு ருசி கிடையாது. இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 கரைந்த உப்பை லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு வழியில்லாத ஊருக்கு 2000 வரை விடுகிறது. மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமிக்கு அந்தச் சலுகையெல்லாம் இல்லை. 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

அதனால் முதலில் கிருமியைக் கொல்லும் குளோரின் தண்ணீரில் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டியடியில் அல்ல, கடைசித் தெருக் குழாயில். சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து குளோரின் சோதனை மருந்தைச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். நிற அட்டையோடு ஒப்பிட்டால் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் காட்ட வேண்டும். நிறமே வரவில்லையா? தொட்டி ஆபரேட்டரிடம் குளோரினுக்காகப் போடும் பிளீச்சிங் பவுடர் மூட்டையைக் காட்டச் சொல்லுங்கள். வாய் திறந்து ஈரக்காற்றில் கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது, எவ்வளவு கொட்டினாலும் சுண்ணாம்புதான் மிஞ்சும். புதுப் பவுடர் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் போதும்.

கிருமிச் சோதனைக்குக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தரும் பாட்டிலிலேயே பிடியுங்கள். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கொண்டுபோனால் முடிவை நம்ப முடியாது.