ஒரே செடி, இரண்டு எண்ணெய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காட்டு மூலிகை எண்ணெய்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தபின் தைம் செடியைப் பற்றித் தேடினேன். ஓர் ஆய்வு அதன் எண்ணெயில் தைமால் என்ற மணப்பொருள்தான் பெரும்பங்கு என்கிறது. இன்னொன்று லினலூல் என்ற வேறொரு பொருள் என்கிறது, அதில் தைமால் பெயருக்குத்தான் இருக்கிறது. இரண்டிலும் தாவரப் பெயர் தைமஸ் வல்காரிஸ். எதை நம்புவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டையும் நம்பலாம். தென் பிரான்ஸில் காட்டுச் செடியாக வளரும் இந்தத் தைமில் ஆறு வேதிவகைகள் உண்டு. தைமால், கார்வக்ரால், லினலூல், ஜெரானியால், ஆல்ஃபா டெர்பினியால், துஜனால் என்று ஒவ்வொன்றிலும் ஒரு பொருள் மேலோங்கி நிற்கும். பார்வைக்கு எல்லாம் ஒரே செடிதான். எந்த வகை என்பதை முக்கியமாக மரபணுக்கள் தீர்மானிக்கின்றன.

எந்த வகை எங்கே நிலைக்கும் என்பதில் குளிருக்குப் பெரிய பங்கு. மோன்பெலியே நகருக்கு வடக்கே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. குளிர்காலத்தில் கனத்த குளிர்காற்று இறங்கி அதன் அடியிலேயே தங்கிவிடும். 1970களில் கணக்கெடுத்தபோது உள்ளே லினலூல் போன்ற, ஃபீனால் (தைமால், கார்வக்ரால் அடங்கிய வேதிக் குடும்பம்) அல்லாத வகைகளும், சுற்றியுள்ள வெப்பமான சரிவுகளில் தைமால், கார்வக்ரால் வகைகளும் இருந்தன. ஃபீனால் வகைகள் கடும் உறைபனியைத் தாங்காது. அப்புறம் குளிர் தணிந்த பத்தாண்டுகளில் அவை பள்ளத்தாக்குக்குள்ளும் நுழைந்துவிட்டன. ஒரு பருவநிலை மாற்றத்தை எண்ணெயின் வேதியியலில் படிக்க முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அறுவடைக் காலமும் கணக்கை மாற்றும். செடி காமா டெர்பினீன் என்ற பொருளிலிருந்துதான் தைமாலை உண்டாக்குகிறது. பூக்கும் முன்னும் பின்னும் இவற்றின் விகிதம் ஒரே மாதிரி இருக்காது.

காய்ச்சி வடிப்பதும் சும்மா இருப்பதில்லை. ஜெர்மன் சாமந்தி (கேமமைல்) எண்ணெயின் நீல நிறத்துக்குக் காரணமான காமசுலீன் பூவில் கிடையாது. பூவிலுள்ள மாட்ரிசின் நீராவிச் சூட்டில் சிதைந்து உண்டாவது அது. அதனால் எண்ணெயின் பட்டியலை அப்படியே செடியின் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, அறிக்கையிலுள்ள சதவீதம்? பெரும்பாலும் அது கேஸ் குரோமட்டோகிராஃப் (எண்ணெயிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் கருவி) வரைபடத்தில் அந்தப் பொருளின் முகடு பிடிக்கும் பரப்பின் பங்கு. எடை அல்ல. இந்த எண்ணெய்களில் மிகுந்துள்ள டெர்பீன்கள் பலவற்றின் நிறைநிறமாலைகள், அதாவது மூலக்கூறு உடைந்த துண்டுகளின் எடைப் பதிவுகள், ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்தப் பதிவை வைத்துக் கணினி சொன்ன பெயரை மட்டும் நம்பாமல், கருவியிலிருந்து பொருள் வெளிவரும் நேரத்தை வைத்துக் கணக்கிடும் தக்கவைப்புக் குறியீட்டையும் ஒப்பிட்ட ஆய்வையே நான் மதிப்பேன். எந்த இடம், எந்த மாதம், இலையா பூவா என்று எழுதாத ஆய்வை நான் பொருட்படுத்துவதில்லை.

இது பயன்படுத்துபவருக்கும் முக்கியம். தைமால் மிகுந்த எண்ணெய் தோலை எரிக்கும், லினலூல் வகை அவ்வளவு கடுமையில்லை. குப்பியில் 'தைம்' என்று மட்டும் போட்டு வேதிவகையைச் சொல்லாவிட்டால், அதைத் தோலில் தடவ வேண்டாம் என்றுதான் சொல்வேன்.