ஒரே வீடு, ஒரே வைரஸ், ஆனால்…

கேள்வி: எனக்கும் என் அண்ணனுக்கும் ஹெபடைட்டிஸ் சி வந்திருப்பது ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அவருக்குத் தானாகவே போய்விட்டதாம். எனக்கோ வருடக்கணக்காக உள்ளேயே இருக்கிறது. "எல்லாம் மரபணு" என்கிறார்கள். கூடப்பிறந்தவர்களுக்குள் இவ்வளவு வித்தியாசம் வருமா? என் மகளுக்கு மரபணுப் பரிசோதனை எடுக்கணுமா?

பதில்: வரும், சகோதரி. கல்லீரலைத் தாக்கும் இந்த வைரஸ் தொற்றிய 100 பேரில் 15 முதல் 45 பேருக்கு ஆறு மாதத்துக்குள் மருந்தே இல்லாமல் போய்விடுகிறது. உங்கள் அண்ணன் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

நம் உடம்பில் 'இயற்கைக் கொல்லி செல்'கள் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் மேல் கே.ஐ.ஆர். என்ற ஏற்பிகள், அதாவது மற்ற செல்களை உணரும் புரதங்கள், உண்டு. எதிர்ப்படும் செல்லின் மேல் அடையாள அட்டை போல இருக்கும் எச்.எல்.ஏ. புரதத்தை இவை தொட்டுப் பார்க்கும், நம்ம ஆள்தான் என்று தெரிந்தால் பிரேக் போட்டு விட்டுவிடும். இந்த பிரேக் சிலருக்கு இறுக்கம், சிலருக்குக் கொஞ்சம் தளர்வு. தளர்வாக இருப்பவர்களின் கொல்லி செல்கள் சட்டென்று கிளம்பிவிடுவதால் வைரஸை விரட்டும் வாய்ப்பு கூடுகிறது என்று 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதிலும் ஒரு விஷயம்: ஊசி மூலம் கொஞ்சமாக வைரஸ் ஏறியவர்களிடம்தான் அந்தப் பலன் தெரிந்தது, ரத்தம் ஏற்றிக்கொண்டதில் நிறைய ஏறியவர்களிடம் தெரியவில்லை. ஆக, மரபணு மட்டும் தீர்மானிப்பதில்லை.

எச்.எல்.ஏ. மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமில், கே.ஐ.ஆர். மரபணுக்கள் 19-இல். இரண்டும் தனித்தனியாகக் கைமாறுகின்றன. கூடப்பிறந்த இருவருக்கு எச்.எல்.ஏ. முழுசாக ஒத்துப்போக நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு, அப்புறம் கே.ஐ.ஆரும் ஒத்துப்போக வேண்டுமே! இதில் உங்கள் தப்பு எதுவுமில்லை, தயவுசெய்து மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள்.

மகளுக்கு மரபணுப் பரிசோதனை வேண்டாம். இன்டர்ஃபெரான் ஊசி காலத்தில் அது சிகிச்சையை முடிவு செய்ய உதவியது. இப்போதுள்ள மாத்திரைகள், எந்த மரபணு இருந்தாலும், பெரும்பாலும் 12 வாரத்தில் 100-க்கு 95 பேருக்கு மேல் குணப்படுத்துகின்றன. நீங்கள் அதைத் தள்ளிப்போடாமல் தொடங்குங்கள். மகள் வயிற்றில் இருந்தபோதே உங்களுக்கு வைரஸ் இருந்திருக்கலாம் என்றால், அவளுக்கு வைரஸ் பரிசோதனை எடுத்துவிடுங்கள்.

அண்ணனிடமும் சொல்லுங்கள்: உடம்பு வைரஸை எதிர்த்து உருவாக்கிய புரதத்தைத் தேடும் ஆன்டிபாடி பரிசோதனை வைரஸ் போன பிறகும் பாசிட்டிவ் என்றே காட்டும், வைரஸையே தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும். ஒருமுறை விரட்டியவருக்கும் இது மறுபடி தொற்றலாம், இதற்குத் தடுப்பூசியும் இல்லை.