இங்கிலாந்தின் கிராமத்து ரயில் நிலையங்களில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் எதற்குப் போகச் சொல்வீர்கள்?

டென்ட். யோசிக்காமல் சொல்வேன்.

லீட்ஸ் நகரத்தில் வடக்கே கார்லைல் போகும் வண்டியைப் பிடித்தால் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். 24 வளைவுகள் கொண்ட ரிபிள்ஹெட் பாலத்தைத் தாண்டி, பிளே மூர் குகைக்குள் ஒன்றரை மைல் இருட்டில் ஓடி வெளியே வந்ததும் இடப்பக்கம் பள்ளத்தாக்கு அப்படியே விரியும். இன்னும் இரண்டு கல் பாலங்கள் தாண்டினால் டென்ட். கடல் மட்டத்திலிருந்து 1,150 அடி. இங்கிலாந்தின் பிரதான பாதைகளில் இதைவிட உயரத்தில் வேறு நிலையம் இல்லை. பிளாட்பாரத்திலேயே அப்படி எழுதிய பலகை நிற்கிறது.

இறங்கிச் சுற்றிப் பார்த்தால் ஊரைக் காணோம். டென்ட் கிராமம் 4 மைல் தள்ளி, சுமார் 600 அடி கீழே இருக்கிறது. நிலையத்திலிருந்து இறங்கும் கோல் ரோடு அவ்வளவு செங்குத்து, நான் நடந்தபோது முழங்கால் நடுங்கிவிட்டது.

ஊரைவிட்டு இவ்வளவு தூரத்தில் ஏன் கட்டினார்கள்? ஊருக்காகக் கட்டிய பாதையே இல்லை இது. மிட்லண்ட் ரயில்வே கம்பெனிக்கு ஸ்காட்லாந்து போகச் சொந்தப் பாதை கிடையாது. போட்டிக் கம்பெனியின் தயவில்தான் தன் பயணிகளை அனுப்ப வேண்டியிருந்தது. அதனால் 1866-ல் செட்டில்-கார்லைல் என்ற இந்தப் பாதைக்கு அனுமதி வாங்கியது. பிறகு போட்டிக் கம்பெனியோடு சமாதானமாகிவிட்டதால், செலவை நினைத்து, கட்டவில்லை என்று பின்வாங்கப் பார்த்தது. 1869-ல் நாடாளுமன்றம் விடவில்லை, கட்டியே ஆக வேண்டும் என்றது. வேக வண்டிகளுக்கான பாதை என்பதால் நூறு அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏற்றம் கூடாது. பள்ளத்தாக்கில் இறங்கி ஏறவே முடியாது, மலையின் இடுப்பைச் சுற்றித்தான் போயாக வேண்டும். 1876 மே மாதம் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. டென்ட் நிலையம் அடுத்த வருடம் ஆகஸ்டில் திறந்தது.

அங்கே போனால் பிளாட்பாரத்துக்கு மேலே உள்ள சரிவைக் கட்டாயம் பாருங்கள். பழைய ஸ்லீப்பர் கட்டைகளை நெட்டுக்குத்தாக நட்டு வேலி போட்டிருக்கிறார்கள். மலைமேலிருந்து காற்று அடித்துவரும் பனி தண்டவாளத்தில் குவியாமல் தடுக்கத்தான். பல கட்டைகள் சாய்ந்தும் உளுத்தும் போய்விட்டன. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன், ஈரப் பாசிக்கு அடியில் தண்டவாளத்தைப் பிடித்திருந்த ஆணியின் ஓட்டை விரல் நுழைகிற அளவுக்கு இருந்தது. இவ்வளவு பாடுபட்டும் 1947 குளிர்காலத்தில் இந்தப் பகுதி வாரக்கணக்கில் பனியில் புதைந்து கிடந்தது.

1970 மே மாதம் டென்ட் உட்பட இந்தப் பாதையின் சிறு நிலையங்களை மூடிவிட்டார்கள். 1975 முதல் மலைநடை போகிறவர்களுக்காக யார்க்ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்கா நிர்வாகம் சில வார இறுதிகளில் வாடகை ரயில் விட்டது. டென்ட் உயிர் பிழைத்தது அந்த வண்டிகளால்தான் என்பது என் எண்ணம். எண்பதுகளில் இன்னும் பெரிய அடி. ரிபிள்ஹெட் பாலத்தைப் பழுதுபார்க்கப் பல லட்சம் பவுண்டு செலவாகும், மொத்தப் பாதையையும் மூடிவிடலாம் என்று அரசு ரயில் நிறுவனமான பிரிட்டிஷ் ரயில் கிளம்பியது. அந்த வேலையைக் கவனிக்க அனுப்பப்பட்ட அதிகாரி ரான் காட்டன். அவரோ மலிவுக் கட்டணம் அறிவித்துக் கூட்டத்தைச் சேர்த்தார். 1986 ஜூலையில் டென்ட்டும் மற்ற சிறு நிலையங்களும் மறுபடி திறந்தன. 1983-ல் வருடத்துக்கு 93,000 ஆக இருந்த பயணங்கள் 1989-ல் 4,50,000 ஆயின. அந்த வருடம் ஏப்ரலில் அரசு, மூட வேண்டாம் என்று முடிவு சொன்னது. இதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

இப்போது நார்தர்ன் நிறுவனத்தின் டீசல் வண்டிகள் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நிற்கின்றன. டிக்கெட் கவுண்டர் கிடையாது, ஊழியர் யாரும் இல்லை. பழைய கல் கட்டடம் தனியாரிடம் போய், தங்கும் விடுதியாக இருக்கிறது. திரும்பும் வண்டியின் நேரத்தை ஏறுவதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள். மழைச்சட்டை வேண்டும், கோடையிலும்தான்.

நேரம் இருந்தால் அடுத்த நிலையமான கார்ஸ்டேலிலும் இறங்குங்கள். இந்தப் பாதையை மூடக்கூடாது என்று சுமார் 32,000 பேர் கொடுத்த மனுவில் ரஸ்ஸப் என்ற நாயின் பாதத் தடமும் இருந்தது. டிக்கெட் வாங்கிப் பயணம் செய்த நாய் என்பதால் அதையும் ஏற்றுக்கொண்டார்கள். பிறகு 1990-ல் வேல்ஸ் மலையில் அதன் எஜமானர் இறந்துபோனார். குளிரில் 11 வாரம் அவர் உடலைவிட்டு நகராமல் கிடந்தது அந்த நாய். கார்ஸ்டேல் பிளாட்பாரத்தில் அதற்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். அடுத்த வண்டி வரும்வரை அதன் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.