"அந்தத் தொழில்ல இருந்துட்டு என்ன புகார்"னு கேக்குறாங்க மேடம்

வணக்கம் மேடம். எனக்கு வயசு 31, கல்யாணம் ஆயிடுச்சு. கொஞ்ச நாளா போனைத் திறந்தா அமெரிக்க ஆபாசப் பட நடிகர் ரான் ஜெரமி மேல வந்த பாலியல் புகார், அதைத் தொட்டா அதே மாதிரி இன்னொண்ணுன்னு வந்துட்டே இருக்கு. நியூஸ் கூட பரவால்ல, கீழ இருக்கற கமெண்ட் தான் தாங்கல, "காசு வாங்கிட்டு நடிக்கறவளுக்கு இதுல என்ன வலி", "இத்தன வருஷம் கழிச்சு இப்பதான் ஞாபகம் வந்துச்சா"ன்னு. என் வீட்டுக்காரர் தங்கமானவர், அவரே சாப்பிடறப்ப அதைப் பாத்து "இவளுங்களுக்கெல்லாம் ஒரு கேஸா"ன்னு சிரிச்சார், கை நடுங்கி சாப்பாட்ட அப்படியே விட்டுட்டு எந்திரிச்சுட்டேன். காலேஜ்ல லவ் பண்ணவன் ஒருநாள் நான் வேணாம் வேணாம்னு சொல்லியும் நிறுத்தல. அதுக்கு முன்னாடி நானே சம்மதிச்சிருக்கேன், அதனால யார்கிட்டயும் வாயத் திறக்கல. இப்ப ராத்திரி தூக்கமே இல்ல, ஆனாலும் அந்த கமெண்ட்டதான் தேடித் தேடிப் படிக்கறேன். எனக்கு பைத்தியம் பிடிச்சுருச்சா?

பதில்:

பைத்தியம்லாம் இல்லம்மா. நம்மள நம்பறேன்னு யாராவது ஒருத்தர் எழுதியிருக்க மாட்டாங்களான்னு தான் மனசு அங்கயே போய் நிக்குது, கூடவே பழைய பயமும் முழிச்சுக்குது. அன்னிக்கு நடந்தது உங்க தப்பு இல்ல. முன்னாடி சம்மதிச்சீங்கன்னா அது அந்தந்தத் தடவைக்கு மட்டும் தான், வேணாம்னு சொன்னப்புறம் அவன் நிறுத்தியிருக்கணும். நீங்க நியூஸ்ல பாக்கற அந்த ஆபாசப் படத் துறையிலயே எது ஓகே எது கூடாதுன்னு ஷூட்டிங்குக்கு முன்னாடியே பேசி வெச்சுக்கற வழக்கம் இருக்கு தெரியுமா?

கமெண்ட் போடறவங்க கேஸைப் படிக்கறதே இல்ல. ஜெரமி மேல 2021-ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல 21 பேர் சம்பந்தப்பட்ட குற்றச்சாட்டு பதிவாச்சு, அதுல பல சம்பவம் ஷூட்டிங்ல இல்ல, ஒரு பார்ல நடந்ததா சொல்லப்பட்டது. அவர் மறுத்தார். 2023-ல டிமென்ஷியாங்கற மறதி நோயால விசாரணையை எதிர்கொள்ற நிலையில அவர் இல்லன்னு கோர்ட் சொல்லிடுச்சு, அதாவது புகார் உண்மையா பொய்யான்னு கோர்ட்ல வழக்கு விசாரணையே நடக்கல, ஆனா "பாத்தியா, பொய்க் கேஸ்"னு எழுதறாங்க. மீடியாவும் லேசுப்பட்டதில்ல, புகார் சொன்ன நடிகையோட பழைய பட ஸ்டில்லையே தம்ப்நெயில்ல வெச்சா படிக்கறவன் அங்கயே தீர்ப்பு எழுதிடறான்.

நம்ப ஆளே இல்லன்னும் நினைக்காதீங்க. இணையத்துல வீடியோ வராதுன்னு பொய் சொல்லி எங்களை ஆபாசப் படத்துல நடிக்க வெச்சாங்கன்னு அமெரிக்காவுல சான் டியாகோவுல 22 பெண்கள் கேஸ் போட்டாங்க, அவங்க கேமரா முன்னாடி சிரிச்சிருக்காங்க, பேப்பர்ல கையெழுத்தும் போட்டிருக்காங்க. 2020 ஜனவரியில நீதிபதி அது மோசடின்னு சொல்லி சுமார் 1.27 கோடி டாலர் கொடுக்கச் சொன்னார்.

இப்ப போனை ராத்திரி வேற ரூம்ல வெச்சிருங்க, அந்தப் பேரையெல்லாம் மியூட் பண்ணிடுங்க. கை நடுங்கினா ரெண்டு காலையும் தரையில நல்லா ஊன்றி, சுத்தி இருக்கற பொருளை ஒவ்வொண்ணா பேர் சொல்லிப் பாருங்க. வீட்டுக்காரர்கிட்ட முழுக்கதையும் சொல்லியே ஆகணும்னு இல்ல, "நீங்க அன்னிக்கு சிரிச்சது எனக்கு வலிச்சுது, அப்படிப் பேசாதீங்க"ன்னு மட்டும் சொல்லுங்க, அவர் அதை எப்படி எடுத்துக்கறார்னு பாத்துட்டு மீதியை யோசிக்கலாம். ட்ராமா, அதாவது மனசுல பட்ட பழைய காயத்தைப் பாக்கற ஒரு கவுன்சிலரை நேர்ல பாருங்க, உயிரை விட்டுடலாம்னு தோணுச்சுன்னா காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அவன் மேல புகார் கொடுக்கறதா வேணாமாங்கறதை இப்ப முடிவு பண்ண வேணாம், முதல்ல தூக்கம் சரியாகட்டும்.