வெட்டாம தரமாட்டினமா?

வணக்கம் ஐயா,

நானும் தம்பியும் உங்கட எழுத்துகளை விடாம வாசிக்கிறனாங்க. நாங்க உப்புவெளிப் பக்கம். போன வருசம் எங்கட பெரியப்பா இரவு தொழிலுக்குப் போனவர், விடியவும் வரேல்ல, அடுத்தநாள் பின்னேரம் அலஸ்தோட்டக் கரையில ஒதுங்கினார். பிரேதத்தை வெட்டாம தாங்கோ எண்டு பெரியம்மா கும்பிட்டுக் கேட்டவ, ஒருத்தரும் கேக்கேல்ல. ஒரு பகல் முழுக்க ஆஸ்பத்திரி வாசல்ல நிண்டம், கடைசியில நீரில் மூழ்கி மரணம் எண்டு எழுதித் தந்தவை. கடலுக்குப் போன மனிசன் கடலாலதான் வந்தவர், அது எங்களுக்கு முதலே தெரியும்தானே ஐயா, பிறகு ஏன் வெட்டினவை? இப்ப தம்பி ஏ.எல். பயோ எடுத்துப்போட்டு ரிசல்ட் பாத்துக்கொண்டு இருக்கிறான், மெடிசின் கிடைச்சா ஜேஎம்ஓவாத்தான் (சட்ட வைத்திய அதிகாரி) வருவன் எண்டு நிக்கிறான். வாழ்நாள் முழுக்கப் பிணத்தோடயா எண்டு அம்மா அழுகிறா. இது என்ன படிப்பு எண்டு எங்களுக்கு விளங்கிற மாதிரி எழுதுவீங்களா?

உப்புவெளியில இருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதல்ல பெரியம்மாவுக்கு என்ர ஆறுதலைச் சொல்லுங்கோ. நான் டொக்டர் இல்ல. ஆனா இந்த மாவட்டத்தில கன காலம் திடீர் மரண விசாரணை அதிகாரியா இருந்தனான், அதால அந்த ஆஸ்பத்திரி வாசலை எனக்கு நல்லாத் தெரியும், வெட்டாம தாங்கோ எண்ட கேள்வியை என்னட்டத்தான் ஆக்கள் முதல்ல கேப்பினம். தமிழர், முஸ்லிம், சிங்களவர் எண்டு வித்தியாசம் இல்ல. ஜனாசா கெதியா அடக்கவேணும் எண்டு மூதூர், கிண்ணியா ஆக்கள் தவிச்சுக்கொண்டு நிப்பினம், எங்கட ஆக்கள் பொழுதுபடமுதல் எடுக்கவேணும் எண்டு நிப்பினம்.

எல்லாப் பிரேதத்தையும் வெட்டவேணும் எண்டு சட்டம் இல்ல. 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையில இருக்கிறது என்னெண்டால், ஒருத்தர் திடீரெண்டோ, விபத்திலயோ, தற்கொலையிலயோ, சந்தேகமாவோ செத்தா விசாரணை நடக்கவேணும், தேவை எண்டு கண்டா அரசாங்க வைத்தியரைப் பிரேத பரிசோதனை செய்யச் சொல்லலாம். பொலிஸ் காவல்ல செத்தா அது என்னை மாதிரி ஆளிட வேலை இல்ல, நீதவானே விசாரிக்கவேணும். நெடுநாள் வருத்தம், மருந்துத் துண்டு எல்லாம் கையில இருக்கு, சொந்தக்காரருக்கும் ஒரு சந்தேகமும் இல்ல எண்டால் வெட்டாமலே குடுக்க ஏலும், நானும் குடுத்திருக்கிறன். ஆனா பெரியப்பாட விசயம் அப்பிடி இல்ல, ஏன் எண்டு சொல்லுறன், அதிலதான் உங்கட மற்றக் கேள்விக்கும் பதில் கிடக்கு.

கடல்ல இருந்து எடுத்த பிரேதம் எண்டதும் கடல்ல மூழ்கிச் செத்த மனிசன் எண்டதும் வேற வேற. வள்ளத்தில இருக்கேக்கயே நெஞ்சு அடைச்சு விழுந்திருக்கலாம், வெளியிணைப்பு எஞ்சின் காத்தாடி தலையில பட்டிருக்கலாம், பக்கத்தில ஆரும் மீனுக்கு டைனமைட் அடிச்சிருக்கலாம், துடுப்பால ஒருத்தன் அடிச்சுத் தள்ளியிருக்கலாம். வெளியில நிண்டு பாத்தா நாலும் ஒரே மாதிரி ஊதின பிரேதம்தான். அதைவிட, மூழ்கிச் செத்ததுக்கு இதுதான் அடையாளம் எண்டு கைநீட்டிக் காட்ட ஒண்டு இல்ல. மூக்கிலயும் வாயிலயும் வெள்ளை நுரை இருக்கலாம், நுரையீரல் பாரமாகி ஊதி விலா எலும்பிட தடம் அதில விழுந்திருக்கலாம், வயித்துக்குள்ள உப்புத்தண்ணியும் மணலும் இருக்கலாம், ஆனா நுரை நெஞ்சுவருத்தத்திலயும் வரும், பிரேதம் பழுதாகத் தொடங்கினா அதுவும் இல்லாமப் போயிரும். அதால மற்றக் காரணங்கள் ஒண்டும் இல்ல எண்டு ஒவ்வொண்டாத் தள்ளிப்போட்டுத்தான் மூழ்கினது எண்டு எழுத ஏலும். தலை ஓட்டைத் திறந்து மூளையில இரத்தக்கசிவு இருக்கோ எண்டு பாப்பினம், கழுத்துத் தசையை அடுக்கு அடுக்கா விரிச்சு நெரிச்ச தடம் இருக்கோ எண்டு பாப்பினம், இதயத்தை எடுத்து நிறுத்து, அதுக்கு இரத்தம் கொண்டுபோற குழாயை மூண்டு மில்லிமீற்றருக்கு ஒரு வெட்டா வெட்டி அடைப்பு இருக்கோ எண்டு தேடுவினம். அவ்வளவும் செய்தாப்பிறகுதான் உங்கட கையில தந்த அந்த ஒரு வரி வந்திருக்கு. இயற்கை மரணமா விபத்தா எண்டதில காப்புறுதிக் காசும் மாறும், இதைப் பெரியம்மாவுக்கு அண்டைக்கே ஆரும் ஆறுதலா இருந்து சொல்லியிருக்கவேணும். சொல்லாம விட்டது பிழை, அந்தக் கோவம் நியாயமானதுதான்.

ஒண்டு சொல்லுறன். ஒரு கரையோர ஊரில இதே மாதிரி ஒதுங்கின பிரேதம், ஒரு காதுமடலும் மேல் உதடும் இல்ல. முந்தின கிழமை வலைச் சண்டை நடந்திருக்கு, அதால செத்தவரிட சொந்தக்காரர் வெட்டிப்போட்டுத் தள்ளியிருக்கினம் எண்டு கத்தியோட நிக்கினம், பொலிஸ் தடுத்துக்கொண்டு நிக்குது. ஜேஎம்ஓ அண்ணன்காரனை உள்ள கூப்பிட்டு, கையுறையோட அந்தக் காது விளிம்பைத் திருப்பிக் காட்டினவர். உயிரோட இருக்கேக்க வெட்டுப்பட்டா தசைக்குள்ள இரத்தம் ஊறிச் செக்கச்செவேல் எண்டு நிக்கும், கழுவினாலும் போகாது. இது வெளிறி, மஞ்சள் பாரிச்சு, சின்னச் சின்னப் பல்லாக் கரண்டின மாதிரி இருந்தது. நண்டும் மீனும் திண்டது, செத்தாப்பிறகு. அந்த மனிசன் கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டிட்டு, வெளியில போய்த் தன்ர ஆக்களைக் கூட்டிக்கொண்டு போயிட்டார். அண்டைக்கு வெட்டாமக் குடுத்திருந்தா இன்னும் எத்தினை பிரேதம் வந்திருக்கும் எண்டு நான் நினைச்சுப் பாக்கிறனான்.

எத்தினை மணிக்குச் செத்தவர் எண்டு எல்லாரும் கேப்பினம். டீவி நாடகத்தில டொக்டர் ஒருக்காப் பாத்திட்டு இரவு பத்தே கால் எண்டு சொல்லுவார், உண்மையில அப்பிடிச் சொல்ல ஏலாது. செத்தாப்பிறகு இரத்தம் கீழ்ப்பக்கம் இறங்கித் தோல்ல ஊதா நிறமாத் தெரியும், எட்டுப் பன்னிரண்டு மணித்தியாலத்தில அது அந்தந்த இடத்திலயே நிலைச்சுப்போகும், பிரேதத்தைப் பிறகு ஆரும் பிரட்டிப் போட்டா அது காட்டிக்குடுக்கும். ரெண்டு நாலு மணித்தியாலத்தில விறைப்புத் தொடங்கும், எங்கட வெக்கைக்கு அது கெதியா வந்து கெதியாப் போயிரும். உடம்பு குளிருறதை வைச்சு நேரம் கணிக்கிற கணக்கு குளிர்நாட்டில வந்தது, திருகோணமலையில மே மாதம் வெளியிலயே 35 பாகை நிக்கேக்க 37 பாகை உடம்பு எங்க குளிரப்போகுது? இதிலதான் ஒரு பெரிய வழக்கே நிண்டது. இலங்கை கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கின மகாதேவ சதாசிவத்திட மனைவி 1951 ஒக்டோபர்ல கொழும்பில கழுத்து நெரிச்சுக் கொல்லப்பட்டவ, அவர்மேல வழக்கு. அவர் வீட்டை விட்டுப் போகமுதல் அந்தச் சாவு நடந்ததா, போனபிறகா எண்டதுதான் முழுப் பிரச்சினையும். கொழும்புப் பேராசிரியர் டி சேரம், எடின்பரோப் பேராசிரியர் சேர் சிட்னி சிமித் எண்டு பெரிய பெரிய ஆக்கள் எல்லாம் அதில கருத்துச் சொன்னவை, 1953ல சதாசிவம் விடுதலையானவர். அதே டி சேரம், தூக்கிலிடப்பட்ட கைதிகளிட உடம்புச் சூட்டை அளந்து, எங்கட மாதிரி வெப்பநாட்டில உடம்பு எப்பிடிக் குளிருது எண்டு 1955ல ஒரு ஆய்வு வெளியிட்டவர், உலகம் முழுக்க இண்டைக்கும் அதை எடுத்துச் சொல்லுகினம். ஒரு அரைமணித்தியாலத்தில ஒருத்தற்ற கழுத்து தொங்கும் எண்டால் அந்த டொக்டருக்கு எவ்வளவு நிதானம் வேணும் எண்டு தம்பி யோசிக்கவேணும்.

இனி எங்கட ஊர்க் கதை ஒண்டு, இது இல்லாம என்னால இந்தப் பதிலை எழுத ஏலாது. 2006 ஜனவரி 2, திருகோணமலைக் கடற்கரையில அஞ்சு மாணவர் கொல்லப்பட்டவை. பிள்ளையள் தாங்களே கொண்டுவந்த குண்டு வெடிச்சுச் செத்தவை எண்டுதான் அரசாங்கத் தரப்பில முதல் வந்த கதை. பிரேத பரிசோதனை துப்பாக்கிச் சூட்டுக் காயம் எண்டு சொல்லிச்சு. குண்டுச் சிதறல் பட்ட உடம்பும் சன்னம் துளைச்ச உடம்பும் ஒருநாளும் ஒண்டா இருக்காது, சன்னம் போன ஓட்டை, வெளிய வந்த ஓட்டை, அது எலும்பில போட்ட சரிவு எல்லாம் தெரியும், தலைக்குக் கிட்டவா வைச்சுச் சுட்டதா எண்டும் தோலில தெரியும். அந்தக் காயங்களைப் படமெடுத்து வெளியில கொண்டுவந்த சுடர் ஒளிப் பத்திரிகையாளர் சுகிர்தராஜனை அதே மாதம் 24ஆம் திகதி இந்த ஊரிலயே சுட்டுக் கொலை செய்தவை. 2019ல குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் போதிய சாட்சி இல்ல எண்டு விடுதலையாச்சினம். நீதி வரேல்ல, மெய்தான். ஆனா அந்த அஞ்சு பிள்ளையளும் குண்டு கொண்டு போனவை எண்டு இண்டைக்கு ஒருத்தராலயும் எழுத ஏலாது. அண்டைக்கு அவையை அப்பிடியே அடக்கியிருந்தா அந்தப் பொய்தான் சரித்திரமாகியிருக்கும், பெத்தவை அதையும் சுமந்திருப்பினம். வெட்டிறதைப் பற்றி ஆரும் கோவிக்கேக்க நான் இதைத்தான் நினைப்பன்.

சுனாமி நேரம் மாறி நடந்தது. பிரேதம் கிடந்தா நோய் பரவும் எண்டு பயந்து நாலாம் அஞ்சாம் நாளுக்குள்ள கும்பல் கும்பலாத் தாட்டம். இயற்கை அழிவில செத்த பிரேதங்களால கொள்ளைநோய் வாறேல்ல எண்டு உலக சுகாதார அமைப்பு சொல்லுது. கைரேகை, பல்லு, டிஎன்ஏ எண்டு ஆளை அடையாளம் காண வழி இருக்கு, ஒண்டும் எடுக்காமத் தாட்டதால எங்க கிடக்கிறார் எண்டே தெரியாம இண்டைக்கும் தவிக்கிற ஆக்கள் இந்தக் கரை முழுக்க இருக்கினம்.

அம்மா பிணத்தோடயா எண்டு அழுறதுக்கு ஒரு பதில் சொல்லவேணும். ஜேஎம்ஓவிட்ட வாற ஆக்களில கனபேர் உயிரோட நடந்து வாற ஆக்கள். அடிபட்டு வாற மனிசி, மோட்டச்சைக்கிள்ல விழுந்த பெடியன், வாத்தியார் அடிச்ச பிள்ளை, வன்முறைக்கு ஆளான பெட்டை. பொலிஸ் தாற படிவத்தில காயத்தை ஒவ்வொண்டா எழுதி, தண்டனைச் சட்டக்கோவை 311ஆம் பிரிவில சொல்லுற கடுங்காயமா சாதாரண காயமா எண்டு அவர்தான் சொல்லவேணும், அதிலதான் வழக்கே தூக்கும் அல்லது விழும். பொல்லால பட்டுப் பிளந்த காயமும் கத்தி வெட்டும் தூரத்தில ஒண்டு மாதிரித்தான் இருக்கும், ஆனா பிளந்த காயத்துக்குள்ள நரம்பும் நாரும் அங்கங்க அறாம இழுபட்டு நிக்கும், கத்தி எல்லாத்தையும் அறுத்துக்கொண்டு போயிரும். விழுந்தவ எண்டு புருசன் சொல்லுவான், முழங்கைக்கு வெளிப்பக்கம் இருக்கிற கண்டல் கை தூக்கித் தடுத்தவ எண்டு சொல்லும்.

இதை வாசிக்கிற ஆருக்காவது பாலியல் கொடுமை நடந்திருந்தா, குளிக்காம, உடுப்பைத் தோய்க்காம, உடுப்பைக் கடதாசிப் பையில போட்டு (பொலித்தீன் வேண்டாம், ஈரத்தில தடயம் பழுதாகும்) 72 மணித்தியாலத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்கு வாங்கோ. அந்த நேரம் பிந்தினாலும் வாங்கோ. பொலிசுக்குப் போயிட்டுத்தான் வரவேணும் எண்டு இல்ல, உங்கட சம்மதம் இல்லாம ஒருத்தரும் உங்களைப் பரிசோதிக்கவும் ஏலாது. பிள்ளையள் விசயம் எண்டால் 1929 எண்ட நம்பருக்கும், பெண்கள் எண்டால் 1938 எண்ட நம்பருக்கும் ஃபோன் எடுங்கோ.

தனிச் சாவுகளைச் சேத்து வைச்சுப் பாத்தாலும் ஒண்டு தெரியும். 1995ல இந்த நாட்டில ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் அளவில தற்கொலை, உலகத்திலயே மேல்வரிசை. கந்தளாய், தம்பலகாமம் மாதிரி வயல் ஊருகளில வீட்டுக்கு வீடு கிருமிநாசினி இருந்த காலம். எந்த நஞ்சால கூடுதலாச் சாகினம் எண்டு பதிவுகளில இருந்து தெரிஞ்சாப்பிறகு, கடும் நஞ்சுகளை ஒண்டொண்டாத் தடை செய்தவை, பத்து வருசத்தில அந்தக் கணக்கு அரைவாசிக்குக் குறைஞ்சது. பிரேத அறையில எழுதின ஒவ்வொரு வரியும் அதுக்குள்ள இருக்கு.

தம்பிக்கு. எம்பிபிஎஸ் முடிக்கவேணும் முதல்ல. எங்கட கோணேசபுரி வளாகத்தில சித்தமருத்துவம்தான் இருக்கு, அதால மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் எண்டு போகவேண்டி வரும். பிறகு கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில சட்ட மருத்துவத்தில டிப்ளோமா, எம்டி எண்டு இருக்கு. கையும் மூக்கும் ரெண்டு மூண்டு மாதத்தில பழகிரும். பழகாதது கோட்டுக்கூடு, அங்க சட்டத்தரணி மூண்டு மணித்தியாலம் குடைவார், தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லத் தெரியவேணும். தமிழ் கதைக்கிற ஜேஎம்ஓ எங்களுக்குக் கட்டாயம் வேணும், பெரியம்மா மாதிரி ஒரு மனிசிக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாம அவவிட மொழியிலயே விளங்கப்படுத்த ஆள் வேணும். இதை நான் அம்மாவிட்ட நேர சொல்லவும் தயார்.

பெரியப்பாட முழு அறிக்கை நீதவான் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். உங்களுக்குத் தந்தது ஒரு வரி, அறிக்கையில பக்கக் கணக்கில இருக்கும். பெரியம்மா ஒரு சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்குக் குடுக்கிற எழுத்துமூலக் கோரிக்கை) போட்டுப் பிரதி கேக்கலாம். கையில கிடைச்சா கொண்டு வாங்கோ, ஒரு பின்னேரம் இருந்து வரிவரியா வாசிச்சுச் சொல்லுறன்.